கீரைக்கு எத்தனை மதிப்பெண்?

கீரையைப் பற்றி நல்ல சொல் கேட்காமல் வளர்ந்த தமிழ்ப் பிள்ளை இருக்க முடியாது. கீரை சாப்பிட்டால் இரத்தம் ஊறும், கண் தெளியும், முடி வளரும் என்று பாட்டிமார்கள் சொல்லிச் சொல்லியே நமக்கு ஊட்டினார்கள். இப்போது அந்தப் பட்டியலில் இன்னொன்றும் சேர்ந்துள்ளது. மாட்டிறைச்சியைவிடக் கீரையில் புரதம் அதிகமாம்! சைவ உணவு உண்ணும் மாணவர்களும் உடற்பயிற்சிக் கூடத்திற்குச் செல்லும் மாணவர்களும் இதை நம்பிக்கையோடு சொல்கிறார்கள். இன்னொரு பக்கம், கீரையில் பெரிதாக ஒன்றுமில்லை, யாரோ ஒரு விஞ்ஞானி தசமப் புள்ளியை இடம் மாற்றி வைத்ததால் வந்த வெற்றுப் புகழ் அது என்று கேலி பேசுவோரும் உண்டு.

இவற்றுள் எது உண்மை? இரண்டுமே அரைகுறை உண்மைதான். ஒரு மாணவனை நல்லவன், மக்கு என்று ஒரே சொல்லில் மதிப்பிட முடியாது அல்லவா? கணிதத்தில் எத்தனை, வரலாற்றில் எத்தனை என்று பாடம் பாடமாகப் பார்க்க வேண்டும். கீரைக்கும் அப்படித்தான் மதிப்பெண் போட வேண்டும்.

இது வெறும் பட்டிமன்றத் தலைப்பன்று. நம் நாட்டின் சுகாதார அமைச்சு 2019ஆம் ஆண்டு நடத்திய தேசிய சுகாதார ஆய்வில், 15 முதல் 49 வயது வரையிலான பெண்களில் பத்துப் பேரில் ஏறக்குறைய மூவருக்கு இரத்தச்சோகை இருப்பது தெரிய வந்தது. விரிவுரை மண்டபத்தில் பத்து மாணவியர் அமர்ந்திருக்கும் ஒரு வரிசையை நினைத்துப் பாருங்கள். படியேறினால் மூச்சு வாங்குவதையும், மதிய வகுப்பில் கண் சொக்குவதையும், படித்தது மனத்தில் நிற்காததையும் நாம் சோம்பல் என்று சொல்லிவிடுகிறோம். அதன் பின்னே இரும்புச்சத்துக் குறைவு ஒளிந்திருக்கலாம். எந்த உணவு எதைத் தருகிறது என்று தெரிந்துகொள்வது இதனால்தான் முக்கியமாகிறது.

எந்த உணவைப் பற்றி எந்தச் செய்தி வந்தாலும் மூன்று கேள்விகளைக் கேட்டுப் பழகினால் போதும். முதலாவது, சொல்லப்படும் சத்து எந்த அளவு உணவில் இருக்கிறது? இரண்டாவது, அதில் உடலில் சேர்வது எவ்வளவு? மூன்றாவது, தட்டுக்கு வந்து சேருமுன் அந்த உணவுக்கு என்ன நேர்ந்தது? இந்த மூன்று கேள்விகளையும் கையில் வைத்துக்கொண்டு கீரையிடம் செல்வோம்.

எந்தக் கீரை?

முதலில் பெயர்க் குழப்பத்தைத் தீர்த்துக்கொள்ள வேண்டும். ஆங்கில நூல்களில் ‘ஸ்பினாச்’ என்று குறிப்பிடப்படுவது பாரசீகத்தில் தோன்றிய ஒரு குளிர்காலப் பயிர். வட இந்தியர்கள் அதைப் பாலக் என்பர். பினாங்கு சௌராஸ்தா சந்தையிலும் நம் வட்டாரக் காலைச் சந்தைகளிலும் ‘பாயாம்’ என்று கட்டுக் கட்டாக விற்கப்படுவது அதுவன்று. அது நம் முளைக்கீரை, தண்டுக்கீரை வகையைச் சேர்ந்தது. தமிழ் அகராதிகளில் ஸ்பினாச்சுக்கு நிகராகத் தரப்படும் பசலைக்கீரையோ வேறொரு கொடி. ஆக, வெளிநாட்டு நூலில் ஸ்பினாச்சுக்கு எழுதியிருப்பதை அப்படியே நம் வீட்டுக் கீரையின் மேல் ஏற்றிச் சொல்லக்கூடாது.

நற்பேறாக, நம்மிடம் நமக்கே உரிய அட்டவணைகள் உள்ளன. கோலாலம்பூரிலுள்ள மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் மலேசிய உணவுகளின் சத்துகளைப் பகுப்பாய்வு செய்து நூலாக வெளியிட்டது. அதன் 1997ஆம் ஆண்டுப் பதிப்பைப் பல்கலைக்கழகங்களில் பலரும் பயன்படுத்தியிருக்கிறார்கள். தமிழகத்திற்கும் இத்துறையில் பெரும் பங்குண்டு. நீலகிரி மலையிலுள்ள குன்னூரில் 1918ஆம் ஆண்டு ஒரு சிறிய ஆய்வுப் பிரிவாகத் தொடங்கியதுதான், பின்னர் ஹைதராபாத்துக்கு இடம் மாறி, இந்தியாவின் தேசிய ஊட்டச்சத்து நிறுவனமாக வளர்ந்தது. அந்நிறுவனத்தின் இயக்குநராக விளங்கிய டாக்டர் சி. கோபாலன் சேலத்தில் பிறந்தவர். அவரும் அவருடன் பணியாற்றியவர்களும் 1971இல் வெளியிட்ட இந்திய உணவுகளின் சத்து மதிப்பு பற்றிய நூல் பல பதிப்புகள் கண்டது. முருங்கைக்கீரைக்கும் அகத்திக்கீரைக்கும் கணக்குத் தேடுவோர் அங்கேதான் செல்ல வேண்டும்.

புரதப் பாடத்தில் கீரை

இனி, புரதம். நூறு கிராம் பச்சை ஸ்பினாச்சில் ஏறத்தாழ 2.9 கிராம் புரதம் இருக்கிறது. நம் பாயாம் கீரையில் சுமார் 2.5 கிராம். கங்கோங் கீரையிலும் அதே அளவுதான். முருங்கைக்கீரை மட்டும் இவற்றைத் தாண்டி நிற்கிறது. அட்டவணைக்கு அட்டவணை வேறுபட்டாலும் 6 முதல் 9 கிராம் வரை அதில் உண்டு.

அப்படியானால் மாட்டிறைச்சியை வெல்வது எப்படி? அங்கேதான் கணக்கின் சூட்சுமம் இருக்கிறது. நூறு கிராம் ஸ்பினாச் தரும் ஆற்றல் 23 கலோரிதான். ஒரு கிராம் புரதம் 4 கலோரி தரும். 2.9ஐ 4ஆல் பெருக்கினால் ஏறக்குறைய 12. அதாவது, கீரை தரும் ஆற்றலில் பாதி புரதத்திலிருந்து வருகிறது. கொழுப்புள்ள மாட்டிறைச்சியில் இந்த விகிதம் பாதிக்கும் குறைவு. ஆகவே, ‘ஒரு கலோரிக்கு எவ்வளவு’ என்று கேட்டால் கீரை வென்றுவிடும், கணக்கில் பொய்யில்லை.

ஆனால், நாம் கலோரியைத் தட்டில் போட்டுச் சாப்பிடுவதில்லை, உணவைத்தான் சாப்பிடுகிறோம். உலகச் சுகாதார நிறுவனமும் பிற ஐ.நா. அமைப்புகளும் 2007இல் வெளியிட்ட அறிக்கையின்படி, வளர்ந்த ஒருவருக்கு உடல் எடையில் ஒரு கிலோவுக்கு நாளொன்றுக்கு 0.83 கிராம் புரதம் போதும். 60 கிலோ எடையுள்ள மாணவருக்கு இது 50 கிராம். அதைப் பாயாம் கீரையிலிருந்து மட்டும் பெற வேண்டுமென்றால் இரண்டு கிலோ கீரை வேண்டும். ஒரு கட்டு கால் கிலோ என்று வைத்துக்கொண்டால் எட்டுக் கட்டு! ஆட்டுக்குட்டிக்கு இது இயலலாம், நமக்கு இயலாது. கீரையில் பத்தில் ஒன்பது பங்கு நீர் என்பதை மறந்ததால் வந்த வினை இது. வதக்கும்போது ஒரு கட்டுக் கீரை ஒரு கைப்பிடியாகச் சுருங்குவதை நம் அம்மாக்கள் தினமும் பார்க்கிறார்கள்.

இதே கணக்கு இன்னொரு வடிவத்திலும் வருகிறது. முருங்கை இலைப் பொடியைக் குப்பியில் அடைத்து விற்பவர்கள், நூறு கிராம் பொடியில் 25 கிராமுக்கு மேல் புரதம் என்பார்கள். நீரை முழுவதும் உலர்த்திய பிறகு எந்தக் கீரையும் அப்படித்தான் காட்டும். ஆனால், நூறு கிராம் பொடியை யார் உண்பார்கள்? ஒரு தேக்கரண்டிப் பொடியில் கிடைக்கும் புரதம் இரண்டு கிராமைத் தாண்டாது. உலர்ந்த உணவையும் ஈரமான உணவையும் ஒரே தராசில் நிறுத்தினால் இப்படித்தான் ஆகும்.

எனவே, புரதப் பாடத்தில் கீரைக்குத் தேர்ச்சி மதிப்பெண் கிடையாது. துணைப்பாடமாக வேண்டுமானால் வைத்துக்கொள்ளலாம்.

தசமப் புள்ளியின் கதை

இரும்புச்சத்துக்குப் போகுமுன் அந்தப் புகழ்பெற்ற தசமப் புள்ளியைப் பார்த்துவிடலாம். பத்தொன்பதாம் நூற்றாண்டில் ஜெர்மானிய விஞ்ஞானி ஒருவர் கீரையின் இரும்புச்சத்தைப் பத்து மடங்கு கூட்டி எழுதிவிட்டார். பல ஆண்டுகள் கழித்தே பிழை தெரிந்தது. அதற்குள் பாப்பாய் என்ற கார்ட்டூன் மாலுமி டப்பா டப்பாவாகக் கீரையை விழுங்கத் தொடங்கிவிட்டான் என்பது கதை. 1981 டிசம்பரில் பிரிட்டிஷ் மருத்துவ இதழில் டெரன்ஸ் ஹாம்ப்ளின் என்ற மருத்துவர் எழுதிய கட்டுரையால் இக்கதை உலகமெங்கும் பரவியது. பாடநூல்களும் விரிவுரையாளர்களும் இதை எடுத்தாண்டார்கள்.

2010ஆம் ஆண்டு மைக் சட்டன் என்ற பிரிட்டிஷ் ஆய்வாளர் இக்கதையின் மூலத்தைத் தேடிப் புறப்பட்டார். தசமப் புள்ளி இடம் மாறியதற்கு ஆதாரம் எதுவும் அவருக்குக் கிடைக்கவில்லை. பாப்பாய் 1929இல் படைக்கப்பட்ட பாத்திரம். 1932ஆம் ஆண்டுச் சித்திரத் தொடரில், தான் கீரை உண்பதற்கு அவன் சொல்லும் காரணம் உயிர்ச்சத்து ஏ, இரும்பு அன்று! பிழையை அம்பலப்படுத்துவதாகச் சொன்ன கதையே ஆதாரமற்ற கதையாகிப் போனது. 2014இல் நோர்வே நாட்டு ஆய்வாளர் ஓலே ரெக்டால், மேற்கோளைச் சரிபாராமல் ஒருவர் எழுதியதை மற்றவர் எடுத்தாளும் பழக்கத்திற்கு இதையே எடுத்துக்காட்டாக வைத்து ஒரு கட்டுரை எழுதினார். இடுபணி எழுதும் மாணவர்களாகிய நாம் இக்கதையைச் சுவரில் ஒட்டி வைத்துக்கொள்ளலாம்.

இரும்புப் பாடத்தில் கீரை

நூறு கிராம் ஸ்பினாச்சில் 2.7 மில்லிகிராம் இரும்புச்சத்து உண்டு. பாயாமில் சற்றுக் குறைவு. வேக வைத்த மைசூர்ப் பருப்பில் 3 மில்லிகிராமுக்கும் சற்று அதிகம். காகிதத்தில் பார்த்தால் கீரைக்கு இது நல்ல மதிப்பெண்தான். இங்கேதான் நம் இரண்டாவது கேள்வி வருகிறது: அதில் உடலில் சேர்வது எவ்வளவு?

உணவிலுள்ள இரும்பு இரண்டு வகைப்படும். இறைச்சி, கோழி, மீன் ஆகியவற்றின் குருதியிலும் தசையிலும் உள்ள இரும்பு ஒரு வகை. இதில் 15 முதல் 35 விழுக்காடு வரை உடல் ஏற்கும். கீரை, பருப்பு, தானியம் ஆகியவற்றில் உள்ளது மற்றொரு வகை. இது 2 விழுக்காடும் ஏறலாம், 20 விழுக்காடும் ஏறலாம். எது என்பதை அந்த உணவு மட்டும் தீர்மானிப்பதில்லை. அதனோடு வேறென்ன உண்டோம் என்பதே பெரிதும் தீர்மானிக்கிறது.

கெடுக்கும் கூட்டாளிகளில் முதலிடம் தேநீருக்கு. தேயிலையிலுள்ள துவர்ப்புப் பொருள்கள் இரும்பைப் பிடித்து வைத்துக்கொண்டு குடலுக்குள் விடுவதில்லை. தென்னாப்பிரிக்க ஆய்வாளர்கள் 1975இல் வெளியிட்ட ஆய்வில் ரொட்டியுடனும் சோற்றுடனும் தேநீர் குடிக்கச் சொல்லிச் சோதித்தபோது, இரும்பு சேரும் அளவு வெகுவாகக் குறைந்தது. ரொட்டி சானாயும் தே தாரிக்கும் பிரிக்க முடியாத இணை என்று நம்பும் பினாங்குக்காரர்களுக்கு இது கசப்பான செய்திதான். தேநீரை விட்டுவிட வேண்டியதில்லை. உணவுக்கு ஒரு மணி நேரம் முன்னோ பின்னோ குடித்தால் போதும். கோப்பிக்கும் இது பொருந்தும்.

உதவும் கூட்டாளிகளில் முதலிடம் உயிர்ச்சத்து சிக்கு. எலுமிச்சை, கொய்யா, பப்பாளி, தக்காளி, பச்சை மிளகாய் ஆகியவற்றில் இது நிறைய உண்டு. இது கீரையின் இரும்பை உடல் ஏற்கும் வடிவில் வைத்திருக்கும். மீனும் இறைச்சியும் தம் இரும்பைத் தருவதோடு, பக்கத்திலுள்ள கீரையின் இரும்பு சேரவும் கைகொடுக்கும். பாயாமை நெத்திலி சேர்த்து வதக்கும் நம் ஊர் வழக்கம் நாக்குக்கு மட்டுமன்றி இரத்தத்துக்கும் நல்லது.

கூட்டாளிகளால் எவ்வளவு மாற்றம் வந்துவிடும் என்று ஐயப்படுவோருக்கு ஓர் எண்ணிக்கை. உலகச் சுகாதார நிறுவனமும் உணவு வேளாண்மை நிறுவனமும் 2004இல் வெளியிட்ட நூலில், மாதவிலக்குள்ள பெண்ணுக்கு வேண்டிய இரும்பை ஒரே எண்ணாகச் சொல்லவில்லை. உணவிலுள்ள இரும்பில் 10 விழுக்காடு உடலில் சேருமானால் நாளொன்றுக்கு 29 மில்லிகிராம் வேண்டும். 15 விழுக்காடு சேருமானால் 20 மில்லிகிராம் போதும். அதே தட்டு, அதே காசு. எலுமிச்சையும் தேநீரும் இடம் மாறினால் தேவையே மாறிவிடுகிறது!

சுண்ணாம்புச்சத்தில் கீரையின் நிலை இதைவிட மோசம். ஸ்பினாச்சில் ஆக்சலேட் என்ற பொருள் நிறைய இருக்கிறது. அது சுண்ணாம்புச்சத்தைக் கட்டிப் போட்டுவிடும். பாலிலுள்ள சுண்ணாம்புச்சத்தில் கால் பங்குக்கு மேல் உடலில் சேர, ஸ்பினாச்சில் சேர்வது 5 விழுக்காடு மட்டுமே என்று 1988இல் வெளிவந்த ஆய்வு காட்டியது. நம் பாயாமிலும் ஆக்சலேட் அதிகம். எலும்புக்காகக் கீரையை மட்டும் நம்ப வேண்டாம்; தயிர், பால், எலும்போடு மென்று தின்னும் நெத்திலி ஆகியவை வேண்டும். சிறுநீரகக் கல் வந்தவர்கள் கீரையின் அளவை மருத்துவரிடம் கேட்டுக்கொள்வது நல்லது.

கீரை முதல் வகுப்பில் தேறும் பாடம்

கீரையை இவ்வளவு குறை சொல்லிவிட்டு அதன் சிறப்பைச் சொல்லாமல் விட்டால் அநியாயம். அதற்கு ஓர் உண்மைக் கதை உண்டு. 1928ஆம் ஆண்டு லூசி வில்ஸ் என்ற ஆங்கிலேய மருத்துவர் இந்தியாவுக்கு வந்தார். பம்பாயில் கர்ப்பிணிகளாக இருந்த ஆலைத் தொழிலாளப் பெண்களை ஒரு கடுமையான இரத்தச்சோகை வாட்டி வந்தது. அதன் காரணத்தை ஆராய்ந்த அவர், மார்மைட்டைக் கொடுத்து நோயைக் குணப்படுத்தியதை 1931இல் வெளியிட்டார். நம் ஊர்க் கடைகளில் கறுப்புப் பசையாகக் கிடைக்கும் அதே மார்மைட்தான்! அதிலிருந்த மாயப்பொருள் என்னவென்று அப்போது தெரியவில்லை. 1941இல் அமெரிக்காவின் டெக்சஸ் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் ஸ்பினாச் இலைகளிலிருந்து ஒரு பொருளைப் பிரித்தெடுத்தார்கள். இலையிலிருந்து வந்ததால், இலையைக் குறிக்கும் இலத்தீன் சொல்லைக் கொண்டு அதற்கு ஃபோலிக் அமிலம் என்று பெயரிட்டார்கள். லூசி வில்ஸ் தேடியது அந்தச் சத்தைத்தான் என்பது பிறகு தெளிவாயிற்று.

புதிய இரத்த அணுக்கள் உருவாகவும், கருவிலுள்ள குழந்தையின் மூளையும் தண்டுவடமும் சரியாக அமையவும் ஃபோலேட் வேண்டும். நூறு கிராம் பச்சை ஸ்பினாச்சில் ஏறத்தாழ 190 மைக்ரோகிராம் இருக்கிறது. வளர்ந்த ஒருவரின் ஒரு நாள் தேவை 400 மைக்ரோகிராம். ஏறக்குறைய பாதித் தேவை நூறு கிராமிலேயே! உயிர்ச்சத்து ஏயாக மாறும் கரோட்டின், உயிர்ச்சத்து கே, நார்ச்சத்து ஆகியவற்றிலும் கீரைகள் முன்வரிசையில் நிற்கின்றன. கீரை சாப்பிட்டால் இரத்தம் ஊறும், கண் தெளியும் என்று சொன்ன பாட்டி தோற்கவில்லை. இரும்பு என்ற ஒரே காரணத்தை நாம் அவர் வாயில் திணித்தோம், அவ்வளவுதான்.

ஒன்றைச் சேர்த்துச் சொல்ல வேண்டும். உயிர்ச்சத்து பி12 எந்தக் கீரையிலும் இல்லை. அதன் குறைவாலும் இரத்தச்சோகை வரும். சைவ உணவினர் பால், தயிர் மூலம் அதைப் பெறலாம். அவற்றையும் தவிர்ப்பவர்கள் மருத்துவர் ஆலோசனையோடு மாத்திரை எடுத்துக்கொள்ள வேண்டும்.

தட்டுக்கு வருமுன் என்ன நேர்ந்தது?

மூன்றாவது கேள்விக்கு விடை சொல்ல இந்த மலாயா மண்ணைவிடச் சிறந்த இடமில்லை. நூறாண்டுகளுக்கு முன் இங்கே பெரிபெரி என்ற நோய் ஆயிரக்கணக்கானோரைக் கொன்றது. கால் வீங்கி, நரம்பு தளர்ந்து, இதயம் செயலிழந்து இறந்தார்கள். ஈயச் சுரங்கங்களில் உழைத்த சீனத் தொழிலாளர்களை அது அதிகம் தாக்கியது. அதே நாட்டில் உழைத்த தமிழ்த் தொழிலாளர்களிடம் அரிதாகவே காணப்பட்டது. நெகிரி செம்பிலானில் அரசாங்க மருத்துவராக இருந்த பிரேடன், இந்த வேறுபாட்டுக்கு அரிசியே காரணம் என்று 1907இல் ஒரு நூல் எழுதினார். சீனர்கள் உண்டது தீட்டிய பச்சரிசி. தமிழர்கள் உண்டது ஊரிலிருந்து வந்த புழுங்கல் அரிசி.

கோலாலம்பூர் மனநல மருத்துவமனையில் ஃபிளெட்சர் என்ற மருத்துவர் 1905-06இல் இதைச் சோதித்தார். நோயாளிகளை இரு பிரிவாக்கி ஒரு பிரிவுக்குப் பச்சரிசியும் மறு பிரிவுக்குப் புழுங்கல் அரிசியும் கொடுத்தார். பச்சரிசிப் பிரிவில் பெரிபெரியால் 18 பேர் இறந்தனர். புழுங்கல் அரிசிப் பிரிவில் அந்நோயால் ஒருவர்கூட இறக்கவில்லை. இன்றைய ஆய்வு நெறிகள் இத்தகைய சோதனையை அனுமதிக்கா. தப்பிச் செல்ல வழியற்ற நோயாளிகளின் உயிர் கொடுத்த விலையில் கிடைத்த அறிவு அது. பின்னர் ஃபிரேசர், ஸ்டேன்டன் ஆகிய இருவரும் நெகிரி செம்பிலானில் ஜாவாத் தொழிலாளர்களிடையே ஆராய்ந்து, தவிட்டோடு நீக்கப்பட்ட ஏதோ ஒன்றின் குறைவே நோய்க்குக் காரணம் என்று உறுதிப்படுத்தினர்.

அந்த ஏதோ ஒன்றுதான் உயிர்ச்சத்து பி1. நெல்லை ஊறவைத்து அவிக்கும்போது தவிட்டிலுள்ள பி1 அரிசிக்குள் இறங்கிவிடும். பிறகு தீட்டினாலும் ஒரு பகுதி தங்கிவிடும். எந்த ஆய்வுக் கூடமும் சொல்லித் தராமலே நம் முன்னோர்கள் நெல்லை அவித்தார்கள். அந்த வழக்கம் கடல் கடந்து வந்து அவர்களைக் காத்தது. தோட்டப்புற வாழ்க்கையில் மற்ற துன்பங்களுக்குக் குறைவில்லை என்றாலும், இந்த ஒன்றிலிருந்து தப்பினார்கள்.

கீரைக்கும் இதே கேள்வியைக் கேட்கலாம். நறுக்கிய பின் கழுவினால் உயிர்ச்சத்து சியும் ஃபோலேட்டும் நீரோடு போகும். கழுவிய பின் நறுக்க வேண்டும். நீண்ட நேரம் வேகவைத்தாலும் இவை குறையும். கரோட்டின் கொழுப்பில் கரைவது என்பதால், ஒரு கரண்டி எண்ணெயில் தாளிப்பதோ தேங்காய்ப்பால் சேர்ப்பதோ வீண் ஆடம்பரமன்று. கரோட்டின் உடலில் சேர அதுதான் வழி.

அப்படியானால் புரதம் எங்கே?

நம்மைச் சுற்றித்தான் இருக்கிறது. உலர்ந்த துவரம்பருப்பில் நூற்றுக்கு 22 கிராம் புரதம். வேகும்போது நீரை ஏற்று மூன்று மடங்காவதால், வெந்த பருப்பில் நூற்றுக்கு 7 கிராம் என்று கொள்ள வேண்டும். நூறு கிராம் அவித்த கொண்டைக்கடலையில் சுமார் 9 கிராம். ஈப்போ புந்தோங் கிராமத்தைப் புகழ்பெறச் செய்த கச்சாங் பூத்தே வகைகளில் இதுவும் ஒன்று. ஒரு முட்டையில் 6 கிராம். நூறு கிராம் கெம்போங் மீன் சதையில் ஏறத்தாழ 20 கிராம். நெத்திலிக் கருவாட்டின் எடையில் பாதி அளவு புரதம்தான். உப்பு மிகுதி என்பதால் ஊறவைத்துக் கழுவிச் சமைக்க வேண்டும்.

சைவ உணவினருக்கு நம் அண்டை வீட்டார் தந்த கொடை தெம்பேயும் தௌஃபூவும். சோயா அவரையை நொதிக்க வைத்துச் செய்யும் தெம்பேயில் நூற்றுக்கு 19 கிராம் புரதம் இருக்கிறது. ஜாவாவிலிருந்து வந்த இந்த உணவைப் பல தமிழ் வீடுகளில் இப்போது சாம்பாரிலும் சம்பலிலும் சேர்க்கிறார்கள். பினாங்கின் பசெம்போர் தட்டில் தௌஃபூ, முட்டை, தௌகே எல்லாம் ஒன்றாக இருப்பதையும் கவனியுங்கள்.

புரதத்தின் தரத்தையும் ஒரு சொல் சொல்ல வேண்டும். அரிசிப் புரதத்தில் லைசின் என்ற அமினோ அமிலம் குறைவு. பருப்பில் அது நிறைய. ஆனால் மெத்தியோனின் குறைவு. ஒன்றின் குறையை மற்றொன்று நிரப்பும். பொங்கலும் தோசையும் பருப்புச் சோறும் இந்தக் கூட்டணியில் அமைந்தவையே. இரண்டையும் ஒரே வேளையில் உண்டே ஆக வேண்டும் என்று அமெரிக்க எழுத்தாளர் பிரான்சிஸ் மூர் லாப்பே 1971இல் வலியுறுத்தினார். 1981ஆம் ஆண்டுப் பதிப்பில் அவரே அதைத் தளர்த்தினார். ஒரு நாளுக்குள் இரண்டும் வந்தால் போதும்.

55 கிலோ எடையுள்ள ஒரு மாணவியின் ஒரு நாள் கணக்கைப் போட்டுப் பார்ப்போம். தேவை 46 கிராம். இரு வேளையும் சேர்த்து 400 கிராம் சோறு: 11 கிராம். கெட்டியான பருப்பு 150 கிராம்: 10 கிராம். ஒரு முட்டை: 6 கிராம். அரைத் துண்டு தெம்பே, அதாவது 50 கிராம்: 10 கிராம். ஒரு கைப்பிடி வேர்க்கடலை: 7 கிராம். பாயாம் ஒரு கிண்ணம்: 2 கிராம். மொத்தம் 46. பாருங்கள், இந்தக் கணக்கில் கீரையின் பங்கு இரண்டே கிராம். ஆனால் அந்தக் கிண்ணத்தை நீக்கினால் ஃபோலேட்டும் கரோட்டினும் இரும்பின் ஒரு பகுதியும் போய்விடும். அவற்றை முட்டையும் சோறும் ஈடுகட்டா.

வளாகத்தில் நாம் செய்யக்கூடியவை

மாதக் கடைசியில் கையில் காசில்லாதபோது விடுதி அறையில் உடனடி மீதான் துணை என்பது எல்லாருக்கும் தெரியும். அதை உண்ணாதே என்று அறிவுரை சொல்வது எளிது. ஒரு முட்டையை உடைத்து ஊற்றி, ஒரு பிடி பாயாமைக் கிள்ளிப் போட்டு, மசாலைப் பொட்டலத்தில் பாதியை மட்டும் கொட்டினால் அதே மீ வேறு உணவாகிவிடும். உப்பும் குறையும். நாசி கண்டார் கடையில் குழம்பை மட்டும் ‘பஞ்சிர்’ கேட்காமல் ஒரு கீரையோ வெண்டைக்காயோ ஒரு முட்டையோ சேர்த்துக் கேளுங்கள். கடைசியில் குளிர்ந்த தே தாரிக்குக்குப் பதிலாக எலுமிச்சை நீர், சீனி குறைவாக.

புரதப் பொடி வாங்கும் நண்பர்களுக்கும் ஒரு சொல். ஒரு கரண்டிப் பொடியில் பெரும்பாலும் 20 முதல் 25 கிராம் புரதம் கிடைக்கும். இரண்டு முட்டையும் அரைத் துண்டு தெம்பேயும் அதே அளவைத் தரும். அவற்றோடு வேறு சத்துகளும் வரும். வாங்குவது உங்கள் உரிமை; ஆனால் விலையைக் கிராமுக்கு இவ்வளவு என்று வகுத்துப் பார்த்துவிட்டு வாங்குங்கள்.

மாணவியருக்குத் தனியாக ஒன்று. அடிக்கடி தலைசுற்றலோ மிகுந்த சோர்வோ இருந்தால், கீரையைக் கூட்டி உண்டு காத்திருக்க வேண்டாம். மருத்துவ நிலையத்தில் ஓர் இரத்தப் பரிசோதனை செய்துகொள்ளுங்கள். உணவு குறைவை வராமல் தடுக்கும். வந்துவிட்ட குறைவைத் தீர்க்கச் சில வேளைகளில் மாத்திரையும் வேண்டியிருக்கும். இரத்தம் உறையாமலிருக்க வார்ஃபரின் மாத்திரை உண்ணும் பெரியவர்கள் வீட்டில் இருந்தால், கீரையின் அளவைத் திடீரெனக் கூட்டவோ குறைக்கவோ வேண்டாம் என்பதையும் சொல்லி வையுங்கள். உயிர்ச்சத்து கே அந்த மருந்தின் வேலையை மாற்றிவிடும்.

தோட்டங்களில் வீட்டுக்கு வீடு ஒரு முருங்கை மரம் நின்றது. அடுக்குமாடி வீடுகளுக்குக் குடிபெயர்ந்த குடும்பங்களுக்கு மரம் வைக்க இடமில்லை. ஆனால், பாயாம் விதையைத் தூவினால் ஒரு பழைய வாளியில்கூட மூன்று நான்கு வாரத்தில் கிள்ளும் அளவுக்கு வளர்ந்துவிடும். விடுதி மாடத்தில் முயன்று பாருங்கள்.

முடிவாக, கீரைக்கு மதிப்பெண் போட்டுவிடுவோம். புரதத்தில் தோல்வி. சுண்ணாம்புச்சத்தில் சுமார். இரும்பில், நல்ல கூட்டாளி அமைந்தால் தேர்ச்சி. ஃபோலேட்டிலும் கரோட்டினிலும் சிறப்புத் தேர்ச்சி. எல்லாப் பாடத்திலும் முதலாவதாக வரும் உணவு உலகில் எதுவுமில்லை. அதனால்தான் நம் இலையில் சோறும் பருப்பும் கீரையும் மோரும் ஓர் ஊறுகாயும் தனித்தனியே இடம் பிடித்தன. அடுத்த முறை ஏதேனும் ஓர் உணவைப் பற்றி வியப்பான செய்தி வந்தால், மூன்று கேள்விகளையும் கேட்ட பிறகு நம்புங்கள். அதுவரை, மதிய உணவோடு ஒரு கிண்ணம் கீரை இருக்கட்டும். தேநீர் மட்டும் ஒரு மணி நேரம் பொறுத்து வரட்டும்.